கல்லும் பாட்டும் போதுமா?

(கணவன் வீட்டில் உயிரிழந்த ஓர் இளம்பெண்ணுக்கு நினைவுச் சின்னம் அமைப்பது குறித்து ஊர் மக்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாலையும் பொன்னாடையும் வேண்டாமென முன்னரே கேட்டுக்கொண்டேன். கேட்டபடி விட்டுவிட்டமைக்கு நன்றி. மகளை இழந்த தாய் முன்வரிசையில் அமர்ந்திருக்க, அவர் எதிரே மாலை சுமந்து நிற்க என் தோள் கூசும். அந்த மகளின் பெயரையும் இந்த மேடையில் நான் உச்சரிக்கப் போவதில்லை. அவள் சாவு பற்றிய வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. தீர்ப்பு வழங்கும் பொறுப்பு நீதிபதிக்கு உரியது. நமக்கு உரிய பொறுப்பு வேறொன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

உங்கள் முன் இரண்டு யோசனைகள் இருப்பதாக அறிகிறேன். வேப்பமரத்தடியில் ஒரு பீடம் எழுப்பி, அவளைத் தெய்வமாக்கி, ஆண்டுக்கொரு முறை பொங்கலிட வேண்டும் என்பது ஒன்று. வில்லுப்பாட்டுக் குழு ஒன்றை வரவழைத்து, அவள் கதையை ஊரறியப் பாட வேண்டும் என்பது மற்றொன்று. அந்தப் பாட்டை எழுதித் தரும் பணியை, நாடகம் எழுதிப் பிழைக்கும் என்னிடம் ஒப்படைக்க எண்ணியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். எழுதுமுன் சில கேள்விகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மறைந்தவர்க்குக் கல் நடுவதும், கல்லின் முன் பாட்டிசைப்பதும் நமக்குப் புதியதல்ல. ஆநிரை மீட்கும் போரிலே மாண்ட மறவனுக்குக் கல் எடுத்தான் பழந்தமிழன். அவன் பெயரைப் பொறித்தான், செயலைப் பொறித்தான், மயிற்பீலி சூட்டினான். தொல்காப்பியம் அதற்கு முறையே வகுத்திருக்கிறது. கல்லைக் காண்பது முதற்படி. வாழ்த்திப் பாடுவது முடிவு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைப் புரட்டுங்கள்: காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை! இமயத்திலே கல்லெடுத்து, கங்கையிலே நீராட்டி, கனக விசயர் தலையிலே ஏற்றிக் கொணர்ந்து, கண்ணகிக்குக் கோட்டம் கண்டான் செங்குட்டுவன் என்று இளங்கோ தீட்டிக் காட்டுகிறார். கல்லும் பாட்டும் இணைந்தே வந்திருக்கின்றன நம் மரபிலே.

பெருமைதான். ஆனால் அந்தக் கற்களின் வரிசையிலே பெண்ணுக்குரிய கல் எது என்று தேடிப் பார்த்ததுண்டா? தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களிலே சதிக்கல் உண்டு. தீப்பாய்ந்த அம்மன் என்ற பெயரிலே கோயில்கள் உண்டு. கணவன் இறந்ததும் அவன் சிதையிலே விழுந்தவளுக்கு அந்தக் கல்! கணவனுக்காகச் செத்தவளுக்குக் கல் கொடுத்த நாடு, கணவனால் செத்தவளுக்கு என்ன கொடுத்தது? தோழர்களே, நாம் விடை காண வேண்டிய கேள்வி அதுதான்.

விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்திலே, திருவாலங்காட்டை அடுத்து, பழையனூர் என்றோர் ஊர். அந்த ஊர் நீலியை அறியாத தமிழர் இல்லை. அவள் கதை வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். ஆள் மாறும், சாதி மாறும், ஊர் மாறும். மாறாத செய்தி ஒன்றுண்டு. தன்னை நம்பி வந்த பெண்ணை, வழியிலே, காட்டிலே, கொன்று போட்டான் ஒருவன். கொலையுண்டவள் பேயாகி, மறுபிறவியிலே வணிகனாகப் பிறந்த அவனைத் தேடி வந்தாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பிலே ஏந்தி, “இவர் என் கணவர், என்னைக் கைவிட்டு ஓடுகிறார்” என்று ஊர்ச்சபையிலே நின்று அழுதாள். “இவள் என்னைக் கொன்றுவிடுவாள்” என்று கதறினான் வணிகன். பழையனூர் வேளாளர் எழுபதின்மரும் கூடி ஆராய்ந்தனர். “கணவனும் மனைவியும் ஓரிடத்தில் தங்குங்கள், உன் உயிருக்கு ஊறு வந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்” என்று வாக்களித்து, இருவரையும் ஒரு வீட்டிலே விட்டனர். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். சொன்ன சொல் தவறாமல் எழுபதின்மரும் தீயிலே இறங்கினர் என்று கதை முடிகிறது.

இந்தக் கதையிலிருந்து தமிழன் நினைவிலே நிறுத்திக்கொண்டது என்ன? தீயிலே இறங்கிய எழுபதின்மருக்குத் தீப்பாய்ந்த மண்டபம் இருக்கிறது. சரி, வாக்குக்காக உயிர் தந்தோர், போற்றுவோம். கொலையுண்டவளுக்கு என்ன கிடைத்தது? ஒரு பழிச்சொல் கிடைத்தது! போலி அழுகைக்கு நாம் வைத்த பெயர் “நீலிக் கண்ணீர்.” அவள் முதன்முதல் கொலையுண்டபோது சிந்திய கண்ணீர் எந்த அகராதியிலும் ஏறவில்லை. நீதி கேட்டுச் சிந்திய கண்ணீர் மட்டும் வஞ்சகத்தின் மறுபெயராகி விட்டது. இன்று ஒரு மருமகள் தாய்வீட்டு வாசலிலே வந்து நின்று, “அடிக்கிறார்கள்” என்று அழுதால், “நீலிக் கண்ணீர் வடிக்கிறாள்” என்று நாக்கூசாமல் சொல்கிறோமே, அந்தச் சொல்லை நம் வாயிலே ஊட்டியது எது? ஒரு கதை! ஒரு பாட்டு!

நினைவுச் சின்னம் எழுப்பினால் மட்டும் போதாது, தோழர்களே. யாரை நினைக்கிறோம், எதை நினைக்கிறோம், எதை மறக்கிறோம் என்பதிலே இருக்கிறது சூட்சுமம். அதே நீலியைச் சமணப் புலவரொருவர் வேறு விதமாக நினைத்தார். ஐஞ்சிறு காப்பியங்களிலே ஒன்றான நீலகேசியிலே, பழையனூர் நீலி அறம் கேட்டுத் தெளிந்து, பல சமயத்தாரோடும் சரிக்குச் சரி நின்று வாதாடுகிறாள். ஒரு புலவன் நினைத்தால், அழுது ஏமாற்றியவள் என்று பேர் பெற்றவளை அறிவால் வெல்பவளாக்க முடியும் என்பதற்கு அந்த நூலே சான்று.

தெற்கே வாருங்கள். நெல்லையிலும் குமரியிலும் இதே கதை இசக்கியம்மன் கதையாகி, கோவில் கொடையிலே வில்லுப்பாட்டாக ஒலிக்கிறது. முப்பந்தலிலே அவளுக்குப் புகழ்பெற்ற கோயில் இருக்கிறது. வடக்கே பழிச்சொல் ஆனவள் தெற்கே தெய்வம் ஆனாள். பரவாயில்லையே என்று தோன்றும். எனக்கும் அந்தப் பாட்டின் மீது பற்று உண்டு. ஏட்டறிவு இல்லாத எளிய மக்கள், ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் தலைமுறை தலைமுறையாக மறவாமல் காத்து வந்திருக்கிறார்களே, அது அரண்மனைப் புலவர் எவரும் செய்யாத தொண்டு.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். தெய்வமாக்கப்பட்டவளைக் கண்டு அஞ்சுகிறோம். அவள் கோபம் நம் வீட்டுக்கு வராமலிருக்கப் பொங்கலிடுகிறோம். அஞ்சுகிறவன் திருந்துவதில்லை, தோழர்களே. படையல் வைத்துக் கணக்கைத் தீர்த்துக் கொள்கிறான். மனைவியை முதல்நாள் இரவு அடித்தவன், மறுநாள் இசக்கிக்கு மாலை போடலாம். தடுக்கும் சட்டம் பீடத்தினிடம் இல்லை. பெண்ணைப் பீடத்தில் ஏற்றிவிட்டால் அவள் நம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி நின்றுவிடுகிறது. நாம் அவளிடம் வரம் கேட்கத் தொடங்கிவிடுகிறோம்!

வில்லுப்பாட்டை நேரிலே கேட்டிருப்பீர்கள். வீசுகோல் வில்லிலே விழும், குடம் முழங்கும், உடுக்கை அதிரும். தலைமைப் பாடகர் கதையை ஓர் அடி நகர்த்துவார். பக்கத்திலே இருப்பவர் “ஆமாம்!” என்பார். “நள்ளிரவிலே அவள் அலறினாள்” என்பார் பாடகர். “ஆமாம், அலறினாள்!” என்பார் பின்பாட்டுக்காரர். அந்த ஆமாம் இல்லையேல் கதை நகராது. கதையை இரவெல்லாம் கண்விழித்துக் கேட்கும் ஊரும் உள்ளத்துக்குள் “ஆமாம்” என்று ஒப்புக்கொண்டே இருக்கும்.

இறந்து நூறாண்டு ஆன பெண்ணின் அலறலுக்கு ஆமாம் சொல்லும் ஊர், அடுத்த வீட்டுப் பெண் அலறும்போது ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறது? அவள் முகத்து வீக்கத்தைக் கண்ட கடைக்காரர், “என்னம்மா?” என்று கேட்டாரா? குழாயடியிலே கைக்காயத்தைப் பார்த்தவர்கள், பார்த்தோம் என்று யாரிடமாவது சொன்னார்களா? இந்தத் தெருவைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்த நான் வரவில்லை. எந்தத் தெருவிலும் இதே கதைதான். “குடும்ப விஷயம், நாம் தலையிடலாமா?” என்ற ஒற்றைச் சொல்லிலே ஊரின் காது அடைபட்டுப் போகிறது.

பழையனூர்க் கதையை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். “என்னைக் கொன்றுவிடுவாள்” என்று அஞ்சி நின்ற ஓர் உயிரை, “புருஷன் பெண்டாட்டி சண்டைதானே, சேர்ந்திருங்கள்” என்று அதே வீட்டுக்கு அனுப்பி வைத்தது பஞ்சாயத்து. விளைவு மரணம். எழுபது பேரும் தங்கள் தீர்ப்புக்குத் தங்கள் உயிரை ஈடாக வைத்திருந்தார்கள். இன்று “கொன்றுவிடுவார்கள்” என்று கதறி வரும் மகளை, “அனுசரித்துப் போ” என்று அனுப்பி வைக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! அவள் பிணமாகத் திரும்பும்போது, சமாதானம் பேசி அனுப்பியவர்களிலே எவருக்காவது விரல்நுனியேனும் சுட்டதுண்டா? எவரையும் தீயில் இறங்கச் சொல்லவில்லை நான். சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்கச் சொல்கிறேன்.

பிற நாட்டார் இதே துயரை எவ்வாறு நினைவிலே நிறுத்தினர் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவிலே மின்னசோட்டா என்றொரு மாநிலம். 1990ஆம் ஆண்டிலே அங்கே கணவராலும் காதலராலும் அறிமுகமானவராலும் கொல்லப்பட்ட பெண்கள் 26 பேர். கலைஞரும் எழுத்தாளருமான பெண்கள் சிலர் கூடி, ஆளுயர மரப்பலகையிலே பெண்ணுருவங்களை வெட்டியெடுத்து, செந்நிறம் பூசினர். ஒவ்வோர் உருவின் மார்பிலும் ஒரு தகடு. அதிலே அந்தப் பெண்ணின் கதை. 1991இல் அந்த உருவங்களை ஏந்திச் சென்று அரசு மாளிகையிலே நிறுத்தினர், மெளன சாட்சிகள் என்ற பெயரோடு. இறந்தவர் 26 பேர். நிறுத்திய உருவங்கள் 27! அந்த இருபத்தேழாவது எவருக்கு? துப்புத் துலங்காமல் போனவளுக்கு, விபத்து என்று எழுதி மூடப்பட்டவளுக்கு, கணக்கிலே வராமலே போனவளுக்கு!

தாய்மார்களே, அந்த இருபத்தேழாவது உருவம் எந்த நாட்டுப் பெண் என்று உங்களுக்குத் தோன்றுகிறது? “ஸ்டவ் வெடித்தது” என்ற இரண்டு சொல்லிலே முடிந்துபோன நம் வீட்டு மகளாகத் தோன்றவில்லையா? “சமைக்கும்போது சேலையில் தீப்பற்றியது,” “வயிற்றுவலி தாங்காமல் மருந்து குடித்தாள்” என்ற பழகிப்போன வாசகங்களுக்குப் பின்னே எத்தனை உருவங்களை நாம் நிறுத்த வேண்டியிருக்கும்!

மெக்சிகோவிலே எலினா சௌவே என்ற பெண் கலைஞர். அவருடைய தங்கை கணவனால் கொல்லப்பட்டவர். 2009இல் சியுதாத் ஹுவாரெஸ் நகரத் தெருவிலே 33 இணை சிவப்புக் காலணிகளை வரிசையாக வைத்தார். காலணி இருந்தது, அணிந்து நடக்கக் கால் இல்லை! பார்த்தவர் நெஞ்சு பதைத்தது. பல நாடுகளின் வீதிகளிலே அந்தச் சிவப்புக் காலணிகள் பின்னர் அணிவகுத்தன. அதே நாட்டின் தலைநகரிலே, 2020 மார்ச்சிலே, மாபெரும் சதுக்கத்திலே, பெண்கள் திரளாகக் கூடி, அஞ்சாமை பற்றிய ஒரு பாட்டைச் சேர்ந்து பாடினர். விவிர் கிந்தானா என்ற இளம் பெண் இயற்றிய பாட்டு அது. அங்கே எவரும் வரம் வேண்டவில்லை. அரசை நோக்கிக் கணக்குக் கேட்டனர்.

அயல்நாட்டைச் சொல்லி நம்மை மட்டம் தட்டுவதாக எண்ணாதீர்கள். நம் நாட்டிலேயே, டெல்லியிலே, இரு தாய்மார் இருந்தனர். சத்தியராணி சத்தா ஒருவர். ஷாஜஹான் ஆப்பா மற்றொருவர். இருவரும் வரதட்சணைத் தீயிலே மகளைப் பறிகொடுத்தவர்கள். சத்தியராணியின் மகள் கருவுற்றிருந்த நிலையிலே 1979இல் கருகிப் போனாள். கணவன் வீட்டார் கேட்டது ஒரு ஸ்கூட்டர்! அந்தத் தாய் மூலையிலே முடங்கவில்லை; முச்சந்திக்கு வந்தார். பெண்கள் அமைப்புகள் அவரோடு வந்தன. “ஓம் சுவாஹா” என்ற தெருநாடகம் டெல்லி வீதிகளிலே நடந்தது. நாடகக்காரன் நான், அந்த நாடகத்தை எண்ணும்போது என் தொழில் மீது எனக்கு மதிப்புக் கூடுகிறது. திரையில்லை, விளக்கில்லை, பெண்ணை எரித்த வீட்டார் வாழும் தெருவே அரங்கம்!

அந்தக் குரல்கள் வீண்போகவில்லை. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் வெறும் காகிதமாகக் கிடந்ததை நாடு உணர்ந்தது. 1983இல் கணவன் வீட்டுக் கொடுமை தனிக் குற்றமாயிற்று. 1986இல் வரதட்சணை மரணம் தனிக் குற்றமாயிற்று. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்விரு குற்றங்களும் இடம்பெற்றுள்ளன. அந்த இரு தாய்மாரும் சேர்ந்து 1987இல் சக்தி ஷாலினி என்ற அமைப்பைக் கண்டனர். அடிபட்ட பெண்கள் அடைக்கலம் புக ஓர் இல்லம் அமைந்தது. சத்தியராணியின் வழக்கு மட்டும் நீண்டது; மருமகன் மீதான தண்டனையை டெல்லி உயர்நீதிமன்றம் உறுதி செய்தது 2013இல். முப்பத்துநான்கு ஆண்டுகள்! மகளுக்கு அந்தத் தாய் எழுப்பிய நினைவுச் சின்னம் எது தெரியுமா? வேறொருத்தியின் மகள் இரவிலே ஓடிவந்து தட்டினால் திறக்கும் கதவு! அதைவிட உயர்ந்த கோட்டத்தை எந்தச் செங்குட்டுவன் எழுப்பினான்?

கதவு தேவைப்படும் காலம் கடந்துவிட்டதா? 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது: மணமான பெண்களிலே கணவனின் வன்முறைக்கு ஆளானோர் இந்தியாவிலே நூற்றுக்கு 29 பேர், தமிழ்நாட்டிலே 38 பேர்! கல்வியிலே முந்தினோம், தொழிலிலே முந்தினோம் என்று தலைநிமிர்ந்து சொல்லும் நாம், தலைகுனிய வேண்டிய கணக்கு இது. 2022ஆம் ஆண்டில் மட்டும் வரதட்சணை மரணம் என்று நாடெங்கும் பதிவானோர் 6,400க்கு மேற்பட்டோர். நாளொன்றுக்கு 17 பேர்! அவர்கள் பதிவானவர்கள். இருபத்தேழாவது உருவத்தை மறந்துவிடாதீர்கள்.

“தலையிட்டால் நம் மீதே வழக்குப் பாயுமே” என்று அஞ்சுகிறவர் உண்டு. அஞ்ச வேண்டியதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006இல் நடைமுறைக்கு வந்தது. வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்புகிற எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது அச்சட்டம். உற்றார் உறவினர்தாம் சொல்ல வேண்டும் என்றில்லை. அடுத்த வீட்டுக்காரரும் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது எந்த வழக்கும் வராது என்றும் அதே சட்டம் உறுதி கூறுகிறது. 181 என்ற எண்ணைச் சுழற்றினால் பெண்கள் உதவி மையம் பதில் சொல்லும். வில்லடியிலே பின்பாட்டுக்காரர் சொல்லும் அந்த “ஆமாம்” இருக்கிறதே, அதை உயிரோடிருப்பவளுக்காகச் சொல்லும் உரிமையைச் சட்டம் நமக்கு வழங்கியிருக்கிறது. சொல்ல நாக்குத்தான் வேண்டும்!

இனி, பாட்டுக்கு வருகிறேன். எழுதித் தருகிறேன், ஆனால் சில வரையறைகளோடு.

முதலாவது, அந்தத் தாய் இசைந்தால்தான் மகளின் பெயர் பாட்டிலே வரும். அவள் விட்டுச் சென்ற பிள்ளைகள் நாளை இதே தெருவிலே நடப்பார்கள். அவர்கள் காது கூசும் ஒரு சொல்லும் அதிலே இராது.

இரண்டாவது, சாவைக் காட்சியாக்க மாட்டேன். கொலைக் காட்சிக்குக் கூட்டம் கண்ணீர் வடிக்கும். வடித்த கண்ணீரோடு கடமை முடிந்ததென வீட்டுக்குப் போகும். அவள் சாவுக்கு இரண்டு வரி போதும். அவள் படித்த பள்ளியையும், தைத்துக் கொடுத்த சட்டைகளையும், அவள் சிரிப்பையும், அவள் கண்ட கனவையும் சொல்ல இருநூறு வரி வேண்டும்.

மூன்றாவது, பழியைப் பெண் மீதே சுமத்தி முடிக்க மாட்டேன். நல்லதங்காள் கதையிலே மூளி அலங்காரி என்ற அண்ணியைத் திட்டித் தீர்க்கிறோம். பன்னிரண்டாண்டுப் பஞ்சத்திலே பசித்த பிள்ளைகளோடு ஒருத்தியைத் தனியே நடக்கவிட்ட நாட்டையும், அதன் அரசையும், அவளைக் கைப்பிடித்தவனையும் எவர் கேட்டார்? மாமியார் மீதும் நாத்தி மீதும் எல்லாப் பழியையும் போட்டுவிட்டால், ஆண்கள் கை கழுவிக்கொள்ள வசதியாகிவிடும்.

நான்காவது, தீர்ப்பு வரும்வரை எவரையும் கொலைகாரன் என்று பாட்டிலே அழைக்க மாட்டேன். வழக்கின் சாட்சிகள் நீதிமன்றத்திலே அஞ்சாமல் பேச ஊர் துணை நிற்கட்டும். அதற்குப் பாட்டு துணை நிற்கும்.

பீடத்துக்கென்று ஒதுக்கிய பணத்துக்கும் ஒரு வேண்டுகோள். வேப்பமரத்தடியிலே கல் நடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதிலே மஞ்சள் பூசாமல் எழுத்துப் பொறியுங்கள். பாதுகாப்பு அலுவலரின் தொலைபேசி எண்ணைப் பொறியுங்கள். 181 என்று பெரிதாகப் பொறியுங்கள். மிச்சப் பணத்திலே ஊர் நூலகத்தை ஒட்டி ஓர் அறை கட்டி, இரவிலே துரத்தப்பட்டு வருகிறவள் விடியும்வரை இருக்க வழி செய்யுங்கள். சாவியை வைத்திருக்க நம்பிக்கையான இரண்டு தாய்மாரை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஆண்டுதோறும் அவள் நினைவு நாளிலே வில்லடிப்போம். அன்று ஊர்க்கூட்டத்திலே, இந்த ஆண்டு எத்தனை பேர் கதவைத் தட்டினார்கள், எத்தனை பேருக்குத் திறந்தோம் என்று கணக்கும் படிப்போம்.

பாடகர் பாடும்போது, “ஊரார் கேட்டார்களா?” என்று ஓர் அடி வரும். அதை நான் எழுதி வைப்பேன். அதற்குப் பின்பாட்டு எழுத மாட்டேன். அந்த இடத்தை வெற்றிடமாக விடுவேன். அன்று அங்கே அமர்ந்திருக்கும் நீங்கள் “ஆமாம்” என்று சொல்லும்படி வாழ்ந்திருந்தால், பாட்டு நிறைவுபெறும்.

இந்த மாதத்துக்குள் அறைக்கு அடிக்கல் நாட்டும் நாளைக் குறியுங்கள். பாட்டோடு வருகிறேன்.